ஏற்காடு வளைவில் பைக் ஏன் அணைகிறது?

சேலத்தில் ஒழுங்காக ஓடும் கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்குத் தரும் பாகம்) பைக், ஏற்காடு ஏறும்போது கொண்டை ஊசி வளைவில் ஆக்ஸிலேட்டரை விட்டதும் ஆஃப் ஆகிறது என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் உயரம். சேலம் சுமார் 280 மீட்டர், ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். மேலே போகப் போகக் காற்று மெலிகிறது. கார்புரேட்டருக்கு அது தெரியாது, கீழே கொடுத்த கணக்கிலேயே பெட்ரோலை விடும். கலவையில் பெட்ரோல் மிஞ்சிவிடும். ஆனால் நல்ல நிலையில் உள்ள வண்டி இதற்காக மட்டும் அணைந்துவிடாது. ஏற்கெனவே ஒரு கோளாறு இருக்க வேண்டும்.

என் சந்தேகம் கார்புரேட்டருக்குள் இருக்கும் ஸ்லோ ஜெட் மேல்தான். ஆக்ஸிலேட்டரை விட்ட பிறகு இன்ஜினுக்குப் பெட்ரோல் தருவது அந்தச் சின்ன ஓட்டைதான். வண்டி சில வாரம் சும்மா நின்றாலே பெட்ரோல் காய்ந்து பிசின் போல அடைத்துக்கொள்ளும். சோக் (கலவையில் பெட்ரோலைக் கூட்டும் லீவர்) போட்டால் நிற்காமல் ஓடுகிறதா? அப்படியென்றால் பெட்ரோல் போதவில்லை. ஜெட் அடைப்பு, அல்லது கார்புரேட்டரை இன்ஜினோடு இணைக்கும் இன்டேக் ரப்பரில் விரிசல் விழுந்து காற்று கூடுதலாக நுழைகிறது. ஜெட்டை கார்புரேட்டர் கிளீனர் அடித்து, காற்று ஊதிச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். கம்பி விட்டுக் குத்த விடாதீர்கள், ஓட்டை பெரிதாகிவிடும்.

பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். கரி படிந்து கறுப்பாக இருந்தால் கதை நேர்மாறு: பெட்ரோல் அதிகம். அப்போது ஏர் ஃபில்டர் தூசியைத் தட்டுங்கள், சோக் முழுதாக ஆஃப் நிலைக்குத் திரும்பியிருக்கிறதா என்று பாருங்கள்.

எதுவும் இல்லையா? ஆக்ஸிலேட்டரை விட்டிருக்கும்போது இன்ஜின் ஓடும் வேகத்தை மாற்றும் ஐடில் ஸ்க்ரூவைச் சற்றுக் கூட்டிவிடுங்கள். அப்புறம், இன்ஜின் சூடான பிறகுதான் அதைத் தொட வேண்டும். வண்டியைச் சரிசெய்யும் வரை வளைவுக்கு முன்பே கியரைக் குறைத்து, வளைவில் மட்டும் கிளட்சைப் பாதி பிடித்தபடி ஏறுங்கள்; மொத்தம் 20 வளைவுகள்.