வாசகர் கேள்வி – பதில்: சீனத் தேவாசுரப் போரில் யாருடைய தியாகம் கணக்கில் சேரும்?

கேள்வி: சீன மாயத் தொடர்களில் தேவருலகுக்கும் அசுரருலகுக்கும் போர் மூளாத கதையே இல்லை போலிருக்கிறது. ஒவ்வொரு முறையும் யாரோ ஒருவர் எல்லா உயிர்களுக்காகவும் தம்மை அழித்துக்கொள்கிறார். இது தொலைக்காட்சிக்காரர்கள் கண்டுபிடித்த உத்தியா, பழைய கதைகளிலும் உள்ளதா?

பதில்: உயிரைக் கொடுப்பது பழையது, எல்லா உயிர்களுக்காகவும் கொடுப்பது பெரும்பாலும் புதியது. இவ்வகைக் கதைகளுக்குத் தாய் என்று சொல்லத்தக்கது, மிங் வம்சக் காலத்தில், 16ஆம் நூற்றாண்டில், 100 அத்தியாயங்களாக எழுந்த ‘ஃபெங்ஷென் யான்யி’ என்னும் நாவல். கி.மு. 1046 வாக்கில் மூயே களத்தில் ஷாங் வம்சம் வீழ்ந்து சௌ வம்சம் எழுந்த வரலாற்றை எடுத்துக்கொண்டு, அதன்மேல் சித்தர்களும் நாகராசர்களும் மாயாவிகளும் மோதும் ஒரு விண்ணகப் போரையே அது ஏற்றி வைத்திருக்கிறது. ஷாங் அரசன் டி சின், நூவா தேவியின் கோயில் சுவரில் காமக் கவிதை எழுதுகிறான். சினம் கொண்ட தேவி ஏவிய நரி மாயாவி, தாஜி என்னும் பெண்ணின் உடலுக்குள் புகுந்து, அரசனின் ஆசைநாயகியாகி நாட்டைச் சீரழிக்கிறாள். எதிர்த்தரப்பான சௌவுக்கு வழிகாட்டுபவர், குன்லுன் மலையில் 40 ஆண்டுகள் தவம் பயின்று, 72 வயதில் ‘உனக்குச் சித்தராகும் பேறு இல்லை’ என்று குருவால் கீழே அனுப்பப்பட்ட ஜியாங் ஸியா.

இந்தப் போரின் விசித்திரம், அதில் யார் யார் மடிய வேண்டும் என்பது போருக்கு முன்பே பட்டியலாக எழுதப்பட்டுவிட்டது என்பதுதான். தவத்தின் வேர் ஆழமானவர்கள் சாவில்லாத சித்தர்களாக நீடிப்பார்கள். அதற்கு அடுத்த படியில் இருப்பவர்களே போரில் இறந்து, தேவர்களாக நியமனம் பெறுவார்கள். களத்தில் ஒருவர் விழுந்ததும் அவருடைய ஆன்மா, ஜியாங் ஸியா கட்டுவித்த மேடைக்கு இட்டுச் செல்லப்பட்டு, போர் முடியும்வரை அங்கே காத்திருக்கும். ஆகவே தேவராவது இங்கே பரிசு அன்று. இடி, நெருப்பு, கொள்ளைநோய், விண்மீன்கள் என்று துறை துறையாகப் பிரிக்கப்பட்ட விண்ணக அலுவலகத்தில் விடுப்பில்லாத உத்தியோகம். இப்படி உத்தியோகம் ஏற்ற 365 பேரில் பெரும்பாலோர் அரசனுக்காகவோ அண்ணனுக்காகவோ குருவுக்காகவோ பெற்றோருக்காகவோ செத்தவர்கள். அளவில் சிறிய அந்தப் பற்றுகள்தாம், உலகத்தைக் காப்பதாக இன்றைய தொடர்களில் முழங்கும் வசனங்களைவிட வலுவாக என் மனத்தில் தங்குகின்றன.

கேள்வி: கும்பகர்ணனைப் போலத் தீயவன் பக்கம் நின்று செஞ்சோற்றுக் கடன் தீர்த்தவர்களுக்கும் தேவப் பதவியா? இது என்ன நியாயம்?

பதில்: கும்பகர்ணனை நினைத்தது பொருத்தம்தான். ஷாங் அரசின் மூத்த ஆசானும் படைத்தலைவருமான வென் ஜோங் அப்படிப்பட்டவர். நெற்றியில் மூன்றாம் கண்ணுடையவர்; கறுப்புக் கிலின் என்னும் விந்தை விலங்கின்மேல் வருபவர்; முந்தைய அரசர் சாகும்போது தம் மகனை இவர் பொறுப்பில் விட்டுச் சென்றிருந்தார். வடகடல் போரை முடித்துக்கொண்டு தலைநகருக்குத் திரும்பும் வென் ஜோங், அங்கே குற்றம் சுமத்தப்பட்டவர்களைப் பொசுக்கும் வெண்கலத் தூண் நிற்பதைக் கண்டு கொதித்துப் போய், உடனே பத்துக் கோரிக்கைகளை எழுதி அரசன் முன் வைக்கிறார். அரசன் அவற்றில் பலவற்றை ஏற்கிறான். தாஜியை விலக்க வேண்டும் என்பது உள்ளிட்ட மூன்று கோரிக்கைகளை மட்டும் பிறகு பார்க்கலாம் என்று தள்ளிவிடுகிறான். அந்த அரசனுக்காகத்தான் வென் ஜோங் மறுபடியும் வாளை எடுத்துக்கொண்டு போகிறார்.

அவர் மடிவது, எட்டுத் தீத்தூண்களுக்கு நடுவே ஒரு மலைமுகட்டில். மற்றவர்களின் ஆன்மாக்கள் நேரே மேடைக்குப் போகும்போது, இவருடைய ஆன்மா காற்றில் ஏறித் தலைநகருக்குச் சென்று, அரசனின் கனவில் நின்று, ‘இனியேனும் நல்லாட்சி செய்யுங்கள்’ என்று ஒருமுறை மன்றாடிவிட்டுத்தான் மேடைக்குத் திரும்புகிறது. செத்த பிறகும் அறிவுரை சொல்லப் போகும் மந்திரியை வேறெந்தப் போர்க்கதையிலும் நான் கண்டதில்லை. கடைசியில் இடித் துறை முழுவதற்கும் தலைவராக அவர் அமர்த்தப்படுகிறார்.

நியாயம் கேட்டீர்கள். இந்த நாவலில் ஷாங் அணிக்காகப் போரிடுபவர்கள் பிறவி அசுரர்கள் அல்லர். பறவையும் விலங்கும் தவம் செய்தால் சேர்த்துக்கொள்ளும் ஜியே என்னும் குருகுலத்தினர் அவர்கள். மறுதரப்பு, ஆள் பார்த்துச் சேர்க்கும் சான் என்னும் குருகுலம். இரண்டுக்கும் மூலகுரு ஒருவரே. பங்காளிச் சண்டையில் யார் பக்கம் நின்றான் என்று பார்ப்பதைவிட, நின்ற இடத்தில் எப்படி நின்றான் என்று பார்ப்பதே கதையின் அளவுகோல். அந்த அளவுகோல் சில சமயம் எல்லை மீறித் தாராளமாகிவிடுகிறது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்: அத்தனை கேட்டுக்கும் காரணமான டி சின்கூட, மாளிகைக்குத் தீ வைத்துக்கொண்டு இறந்த பின், மங்கலத்துக்குரிய ஒரு விண்மீனாக நியமிக்கப்படுகிறான். அதை இன்றுவரை என்னால் ஏற்க முடியவில்லை.

கேள்வி: அரசன் கேட்டான் என்பதற்காக இதயத்தையே அறுத்துக் கொடுத்த மந்திரியின் கதையைச் சுருக்கமாகச் சொல்ல முடியுமா? அது பக்தியா, மடமையா?

பதில்: அவர் பி கான், அரசனுக்குச் சிற்றப்பன் முறை. மெய்யறிஞரின் இதயத்தில் ஏழு துளைகள் இருக்குமாம், பார்க்கலாம் என்று சொல்லி டி சின் அவர் மார்பைப் பிளந்தான் என்று பழைய வரலாற்று நூலான ‘ஷிஜி’யிலேயே வருகிறது. நாவல் அதை இன்னும் கொடுமையாக்குகிறது. தாஜி நெஞ்சுவலியால் துடிப்பதாக நடிக்கிறாள்; மருந்துக்குப் பி கானின் இதயம் வேண்டும் என்கிறாள். ஜியாங் ஸியா முன்பே கொடுத்துவிட்டுப் போயிருந்த மந்திரத் தாளை எரித்து, அதன் சாம்பலை நீரில் கலந்து குடித்துவிட்டு அரண்மனைக்கு வரும் பி கான், அரசனை முகத்துக்கு நேரே திட்டிவிட்டு, தாமே மார்பைக் கீறி இதயத்தை எடுத்து எறிகிறார். ஒரு துளி இரத்தம் இல்லை. மேலாடையை இழுத்து மூடிக்கொண்டு, யாரிடமும் பேசாமல் குதிரையேறி நகருக்கு வெளியே விரைகிறார்.

வழியில் ஒரு பெண், நடுவே உள்ளீடில்லாத கீரையை, ‘இதயமில்லாக் கீரை’ என்று கூவி விற்றுக்கொண்டிருக்கிறாள். குதிரையை நிறுத்தி, “மனிதனுக்கு இதயம் இல்லாவிட்டால் என்ன ஆகும்?” என்று கேட்கிறார் பி கான். “செத்துப்போவான்” என்கிறாள் அவள். அந்தச் சொல் காதில் விழுந்த நொடியில் குதிரையிலிருந்து சரிந்து விழுந்து இறக்கிறார். வேறு மாதிரிப் பதில் சொல்லியிருந்தால் பிழைத்திருப்பார் என்கிறது நாவல்.

மடமை என்று இதைச் சொல்லமாட்டேன். கொடுக்க மறுத்திருந்தாலும் கொன்றிருப்பார்கள். அவர் தேர்ந்தெடுத்தது, தம் வாயால் அரசனின் குற்றத்தைச் சொல்லிவிட்டுச் சாவதை. அந்தக் காட்சியில் நம் பார்வை பி கானின் பெருமையில் நிற்பதில்லை. கேட்கக்கூடாததைக் கேட்டவனிடம் போய் நிற்கிறது. தியாகத்தைப் போற்றிக்கொண்டே அதைக் கேட்டவனைக் கூண்டில் ஏற்றும் திறம் இந்த நாவலுக்கு உண்டு. பிற்காலத் தொடர்கள் பலவற்றில் இந்தத் திறம் காணாமற்போய்விட்டது; அங்கே தேவருலகப் பெரியவர்கள் யாரோ ஒருவருடைய உயிரைக் கேட்பார்கள், கேட்டவர்களை ஒருவரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள்.

கேள்வி: நெஜா என்னும் சிறுவன் தன் தந்தையையே கொல்லத் துரத்துகிறான். அவன் எப்படி வணங்கத்தக்கவன் ஆனான்?

பதில்: துரத்துவதற்கு முன் அவன் செய்ததைப் பாருங்கள். கிழக்குக் கடல் நாகராசனின் மூன்றாம் மகனைக் கொன்றதற்காக, நான்கு கடல்களின் நாகராசர்களும் வந்து அவனுடைய பெற்றோரைப் பிடித்துக்கொள்கிறார்கள். செய்தது நான், என்னோடு போகட்டும் என்று சொல்லி, தன் சதையையும் எலும்பையும் பெற்றவர்களுக்கே திருப்பிக் கொடுத்து உயிர்விடுகிறான். பெற்ற கடன் அங்கே தீர்ந்துவிட்டது. பிறகு தாய் அவனுக்கு இரகசியமாக எழுப்பிய கோயிலைத் தந்தை லி ஜிங் இடித்துச் சிலையை நொறுக்குகிறார். குரு தாய்யி தாமரையால் அவனுக்குப் புது உடல் செய்து தருகிறார். அந்த உடல் தந்தை தந்ததன்று என்பதால்தான் அவனால் ஈட்டியோடு துரத்த முடிகிறது. பெற்றோரை மதிப்பதே தலையாய அறம் என்னும் சமூகம், அதன் விலை என்ன என்று கேட்டுப் பார்த்த கதை இது. இடையே வரும் ஒரு சித்தர் மகனை ஒரு சிறு கோபுரத்துக்குள் அடக்கி, பிறகு அந்தக் கோபுரத்தை லி ஜிங்குக்கே கொடுத்து, சண்டையைத் தீர்த்துவைக்கிறார். அது சமாதானமே தவிர அன்பன்று.

ஓர் உபரிச் செய்தி: நெஜாவின் மூலம் குபேரனின் மகன் நளகூபரன் என்றும், கோபுரம் ஏந்திய லி ஜிங், பௌத்தத்தின் வழியே சீனம் போன குபேரனான வைசிரவணனே என்றும் ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள்.

கேள்வி: பெண் பாத்திரங்களுக்கு இந்த நாவலில் என்ன இடம்?

பதில்: குறைவான இடம், கிடைத்த இடத்தில் கூர்மை. அண்ணன் ஜாவ் கோங்மிங் சூனியத்தால் கொல்லப்பட்டதும் பழிவாங்க வரும் மூன்று தங்கைகளில் மூத்தவளான யுன்சியாவ், முதலில் போருக்கே போக வேண்டாம் என்று தடுத்தவள். பிறகு ஒரு பொற்கலத்தின் ஆற்றலால் எதிரணியான சான் குருகுலத்தின் பன்னிரண்டு பெருஞ்சித்தர்களையும் சிறைப்பிடித்து, அவர்களுடைய தவத்தையே வடித்துவிடுகிறாள். குருமார் இருவர் நேரில் இறங்கி வந்துதான் சகோதரிகளை வெல்ல முடிகிறது. இறந்த பின் அவர்களுக்குக் கிடைக்கும் பொறுப்பு அற்புதமானது: அரசனோ ஆண்டியோ, பிறக்கும் எவரும் அந்தப் பொற்கலத்தின் வழியாகவே பிறக்க வேண்டும். போர்க்கருவி மகப்பேற்றுக் கலம் ஆகிவிடுகிறது.

கேள்வி: இன்றைய தொடர்களில் இறந்தவர் எப்படியும் திரும்பி வந்துவிடுகிறார். வருவார் என்று தெரிந்த பின் அது என்ன தியாகம்?

பதில்: எதை இழந்துவிட்டு வருகிறார் என்பதைப் பொறுத்தது. இந்தக் கதையுலகில் கொடுப்பதற்கு உயிர் மட்டும் இல்லை: பல்லாயிரம் ஆண்டு தவவலிமை இருக்கிறது, அது திரண்ட உள்மணி இருக்கிறது, நினைவு இருக்கிறது. காதலிமேல் விழவேண்டிய விண்ணிடிச் சோதனையை, அதாவது தவத்தில் உயர்பவரைச் சோதிக்க வானம் ஏவும் இடியை, குறுக்கே பாய்ந்து தாங்குபவன் இவற்றில் ஒன்றை இழக்கிறான். அடுத்த பிறவியில் அவள் எதிரே வந்தும் அவனுக்கு அடையாளம் தெரியாவிட்டால், அந்த இழப்பு உண்மையானது. இரண்டு காட்சிகளுக்குள் எல்லாம் நினைவுக்கு வந்துவிட்டால், நீங்கள் கேட்பது சரி, அது வெறும் தாமதம்தான்.

நாவலில் போ யீ காவ் என்னும் சௌ இளவரசனுக்கு நேர்வதைப் பாருங்கள். சிறைப்பட்ட தந்தை ஜி சாங்கை மீட்க அரிய காணிக்கைகளோடு தலைநகருக்கு வருகிறான். தாஜியின் ஆசைக்கு இணங்க மறுக்கிறான். கொன்று, அவன் ஊனில் மூன்று பண்ணியங்கள் செய்து தந்தைக்கே அனுப்புகிறார்கள். குறி பார்த்து உண்மையை அறிந்த தந்தை, அறிந்ததாகக் காட்டினால் தானும் சாக வேண்டும் என்பதால், அரசனுக்கு நன்றி சொல்லிவிட்டு மூன்றையும் உண்கிறார். பிற்பாடு விடுதலையாகி ஊர் எல்லையை அடைந்ததும் அவர் வாந்தியெடுக்க, விழுந்த ஒவ்வோர் ஊன் துண்டும் முயலாகி ஓடிப்போகிறது. போர் முடிந்து பதவிகள் அளிக்கப்படும் நாளில் போ யீ காவ் வட விண்மீன்களுக்கெல்லாம் அரசன் ஆகிறான். தந்தை அதற்கு முன்பே இறந்துவிட்டார்.

கேள்வி: இந்தத் தேவர்களுக்கு இன்றும் கோயில்கள் உண்டா?

பதில்: உண்டு. சீனாவின் மக்காவு நகரில் 1888இல் கட்டிய நெஜா கோயில், 2005 முதல் உலகப் பாரம்பரியச் சின்னங்களில் அடங்கும். தைவானிலும் நெஜா கோயில்கள் பல. ஜாவ் கோங்மிங்கைச் செல்வத்தின் தெய்வமாக வணங்குகிறார்கள். பி கானின் கல்லறையும் கோயிலும் ஹெனான் மாநிலத்து வெய்ஹுயில் உள்ளன. அவர் கொல்லப்பட்டபோது காட்டுக்குத் தப்பியோடிய மனைவி அங்கே பெற்ற மகனின் வழிவந்தவர்களே தாங்கள் என்று சொல்லிக்கொள்ளும் லின் குலத்தவர், பல நாடுகளிலிருந்தும் அங்கு வந்து வழிபட்டுச் செல்கிறார்கள்.