கணினிக் கேள்வி–பதில்: ஆவணத்தில் உள்ள எடுத்துக்காட்டு ஓடுகிறதா?

கேள்வி: மழையளவுத் தரவுகளைக் கையாள்வதற்காகப் பைத்தானில் ஒரு சிறிய லைப்ரரியை (பிறர் தங்கள் நிரலில் சேர்த்துப் பயன்படுத்தும் நிரல் தொகுப்பை) எழுதி, நண்பர்கள் சேர்ந்து, யாரும் படிக்கவும் திருத்தவும் கூடிய திறமூலமாக வெளியிட்டிருக்கிறோம். அதைப் பயன்படுத்தும் முறையை விளக்கும் ஆவணத்தில் நாங்கள் கொடுத்த எடுத்துக்காட்டுகளை அப்படியே எடுத்து ஓட்டினால் பிழை வருகிறது என்று பலர் எழுதுகிறார்கள். ஒவ்வொரு வெளியீட்டின்போதும் எல்லாவற்றையும் கையால் சரிபார்க்க எங்களுக்கு நேரமில்லை. என்ன செய்யலாம்?
— கல்லூரி மாணவி, மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: ஒரு செயற்கூறின் (ஃபங்ஷன்) பெயரையோ, அதற்குக் கொடுக்கும் அளவுருவையோ மாற்றினால், லைப்ரரியைச் சோதிக்க எழுதிய சோதனை நிரல் உடனே தோற்று உங்களைத் தடுத்து நிறுத்தும். ஆவணத்தில் உள்ள எடுத்துக்காட்டு வெறும் எழுத்தாகவே இருப்பதால், அது தவறாகிப் போனதை முதலில் கண்டுபிடிப்பவர் உங்கள் லைப்ரரியை அன்றுதான் நிறுவிய புதியவராக இருப்பார். ஆகவே எடுத்துக்காட்டுகளையும் கணினியே ஓட்டிப் பார்க்கும்படி செய்துவிடுங்கள். இதற்காக எதையும் தேடி நிறுவ வேண்டியதில்லை. டிம் பீட்டர்ஸ் எழுதிய டாக்டெஸ்ட் என்னும் கூறு, 2001-இல் வந்த 2.1 பதிப்பிலிருந்து பைத்தானோடு சேர்ந்தே வருகிறது. செயற்கூறின் விளக்க உரைக்குள் மூன்று கோணக்குறிகளோடு (>>>) தொடங்கும் வரிகளை அது தேடி எடுத்து, ஓட்டி, வரும் விடையை நீங்கள் கீழே எழுதியிருக்கும் விடையோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும். சோதனைகளை ஓட்டப் பைடெஸ்ட் என்னும் கருவியைப் பயன்படுத்துகிறீர்கள் என்றால், ஒரு தெரிவைச் சேர்த்த மாத்திரத்தில் மற்றச் சோதனைகளோடு இவையும் ஓடிவிடும்.

ஓடினால் மட்டும் போதாது. எந்த எடுத்துக்காட்டைக் கொடுக்கிறோம் என்பதில்தான் ஆவணத்தின் தரம் இருக்கிறது. உங்கள் துறையிலிருந்தே சொல்கிறேன். இந்திய வானிலை ஆய்வுத் துறையின் கணக்கில் 2.5 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ பெய்தால்தான் அது மழை நாள். அதைக் கண்டறியும் செயற்கூறுக்கு 50 மில்லிமீட்டரை எடுத்துக்காட்டாகக் கொடுத்தால் படிப்பவருக்குப் புதிதாக எதுவும் தெரியாது. 2.4-க்கு 'இல்லை', 2.5-க்கு 'ஆம்' என்று இரண்டு வரிகள் கொடுத்தால், எல்லை எங்கே இருக்கிறது, அந்த எல்லை உள்ளடங்கியதா என்னும் இரண்டு ஐயங்களும் விளக்கம் எதுவுமின்றியே தீர்ந்துவிடும்.

அதைவிடப் பெரிய குழப்பம் தேதியில் வரும். ஒரு நாளின் மழையளவு என்பது முந்தைய நாள் காலை 8.30 மணியிலிருந்து அன்று காலை 8.30 வரை பெய்ததைக் குறிக்கிறது. ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30 இரவில் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. அந்த இரவு கொட்டிய மழை டிசம்பர் 1-ஆம் தேதியின் கணக்கில்தான் சேரும். நள்ளிரவில் தேதி மாறும் என்று எண்ணிக்கொண்டு உங்கள் லைப்ரரியைப் பயன்படுத்துபவருக்குப் பெரும்பாலான நாட்களில் தவறு கண்ணில் படாது. பெருமழை நாளில் மட்டும் படும். நவம்பர் 30 இரவு 11 மணியை உள்ளீடாகக் கொடுத்து, டிசம்பர் 1 என்ற விடை வருவதை ஆவணத்தின் முதல் எடுத்துக்காட்டாகவே வையுங்கள்.

கேள்வி: டாக்டெஸ்ட் என் கணினியில் தேறுகிறது, நண்பரின் கணினியில் தோற்கிறது. சில வேளைகளில் என் கணினியிலேயே அடுத்த முறை ஓட்டும்போது தோற்கிறது. ஏன்?
— வாசகர், லாஸ்பேட்டை, புதுச்சேரி

பதில்: எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுவதன் விலை இது. கடலூர், பண்ருட்டி, சிதம்பரம் என்ற பெயர்களை, வரிசையைக் காக்காத தொகுப்பான செட்டில் போட்டு அச்சிட்டால், அவை வரும் வரிசை ஒவ்வோர் ஓட்டத்திலும் மாறக்கூடும். வரிசைப்படுத்தி அச்சிட்டால் சிக்கல் தீர்ந்தது. இன்றைய தேதியை எடுத்துக்கொள்ளும் எடுத்துக்காட்டு நாளைக்குத் தோற்றே தீரும்; தேதியை உள்ளீடாகக் கொடுங்கள். நினைவக முகவரியை அச்சிடும் வரிகளை எடுத்துவிடுங்கள், படிப்பவருக்கு அவற்றால் எந்தப் பயனும் இல்லை. 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் 0.30000000000000004 என்று வருவது பைத்தானின் பிழையன்று, இருமப் பின்னங்களின் இயல்பு. விடையைச் சில தசம இடங்களுக்கு முழுமையாக்கிக் காட்டுங்கள், அல்லது மில்லிமீட்டரின் பத்தில் ஒரு பங்கை அலகாகக் கொண்டு முழு எண்களாகவே கணக்கிடுங்கள்.

நீங்கள் ஒரு வரியையும் தொடாமல் இருக்கும்போதே எடுத்துக்காட்டு தோற்பதும் உண்டு. 2024 ஜூனில், எண் கணக்கீட்டுக்குப் பலரும் பயன்படுத்தும் நம்பை லைப்ரரியின் 2.0 பதிப்பு வந்தபோது, அதுவரை 3.0 என்று மட்டும் காட்டப்பட்ட ஓர் எண், தன் வகைப் பெயரையும் சேர்த்துக் காட்டத் தொடங்கியது. விடைகள் சரியாக இருந்தும் டாக்டெஸ்டுகள் தோற்றன. இத்தகைய இடங்களுக்காக, மூன்று புள்ளிகள் இட்டு விடையின் ஒரு பகுதியை ஒப்பிடாமல் விடும் வசதியும், ஒரு வரியை ஓட்டாமலே தாண்டும் வசதியும் டாக்டெஸ்டில் இருக்கின்றன. முதலாவதைச் சிக்கனமாகப் பயன்படுத்தலாம். இரண்டாவதைத் தொட்ட இடமெல்லாம் எழுதுகிற பழக்கம் வந்துவிட்டால், சோதிக்காத பழைய ஆவணத்துக்கும் இதற்கும் வேறுபாடு இராது.

கேள்வி: அப்படியானால் எல்லாச் சோதனைகளையும் எடுத்துக்காட்டுகளாகவே எழுதிவிட்டால் என்ன?
— வாசகர், நெல்லிக்குப்பம்

பதில்: வேண்டாம். நாற்பது வரி சோதனைகளுக்கு நடுவே தனக்கு வேண்டிய ஒரு வரியைத் தேடும் வாசகர் ஆவணத்தை மூடிவிட்டு வேறு லைப்ரரிக்குப் போய்விடுவார். விந்தையான உள்ளீடுகளுக்கெல்லாம் தனிச் சோதனைக் கோப்பு இருக்கட்டும்.

கேள்வி: பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்புப் பாடமாகப் படித்த பைத்தான் மட்டுமே தெரியும். தமிழ் எழுத்துகளைக் கையாளும் ஒரு திறமூல லைப்ரரிக்குப் பங்களிக்க ஆசை. ஆவணத்தைத் திருத்துவதிலிருந்து தொடங்கலாமா? அதைப் பங்களிப்பாக மதிப்பார்களா?
— வாசகி, முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: தாராளமாகத் தொடங்கலாம், லைப்ரரியை எழுதியவருக்கு எது புரியாது என்பதே தெரியாமல் போயிருக்கும், உங்களுக்குத் தெரியும். முதலில் ஆவணத்தில் உள்ள எடுத்துக்காட்டுகளை மேலிருந்து கீழாக ஒவ்வொன்றாக ஓட்டுங்கள். தோற்பவற்றைக் குறித்துக்கொண்டு, ஒரு புல் ரிக்வெஸ்டில் (திருத்தத்தைச் சேர்த்துக்கொள்ளும்படி பராமரிப்பவருக்கு அனுப்பும் கோரிக்கையில்) ஒரே ஒரு திருத்தத்தை மட்டும் அனுப்புங்கள். எந்தப் பைத்தான் பதிப்பில் ஓட்டினீர்கள், என்ன விடை வந்தது என்பதையும் எழுதினால், பராமரிப்பவர் ஐந்து நிமிடத்தில் சரிபார்த்துச் சேர்த்துக்கொள்ள முடியும். ஐம்பது பக்கங்களை ஒரே மூச்சில் திருத்தி அனுப்பினால் அது மாதக் கணக்கில் கிடப்பில் இருக்கும்.

தமிழ் லைப்ரரியில் உங்களுக்கு வேலை நிறையவே இருக்கும். 'கடலூர்' என்ற சொல்லின் நீளத்தைப் பைத்தானிடம் கேட்டால் 6 என்று சொல்லும். நாம் எண்ணினால் நான்கு எழுத்துகள். கணினியில் எழுத்துகளைக் குறிக்கும் முறையான யூனிகோட், ஊகாரக் குறியையும் புள்ளியையும் தனித்தனியாக எண்ணுவதே காரணம். 'புதுச்சேரி'க்கு 10 வரும், எழுத்துகளோ ஐந்து. எழுத்துகளைப் பிரித்துத் தரும் செயற்கூறின் விளக்கத்தில் இந்த இரண்டு எண்களையும் அருகருகே காட்டும் எடுத்துக்காட்டு இல்லையென்றால், நீங்கள் எழுதி அனுப்ப வேண்டிய முதல் திருத்தம் அதுவே. அடுத்தது 'கொ'. ஒற்றைக் கொம்பையும் காலையும் ஒரே குறியாகவும் சேமிக்கலாம், இரண்டு குறிகளாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றாகவே தெரியும், ஒப்பிட்டால் சமமில்லை என்று விடை வரும். லைப்ரரி அவற்றை ஒன்றாக்கிவிட்டுத்தான் ஒப்பிடுகிறதா என்பதை ஓட்டிப் பார்த்து, வரும் விடையை அப்படியே எடுத்துக்காட்டாக எழுதுங்கள். ஒன்றாக்கவில்லை என்று தெரிந்தால் அதைப் பிழையாகப் பதிவு செய்யுங்கள். உங்கள் எடுத்துக்காட்டே அதற்கான சோதனையாகவும் இருக்கும்.