எண்பதுகளின் பலகைக்கு எந்த வீல்?

கேள்வி: அண்ணா, எண்பதுகளின் பாணியில் 10 அங்குல அகல ஸ்கேட்போர்டு பலகை ஒன்று வாங்கிவிட்டேன். வீலைத் தாங்கும் அச்சான ட்ரக்கும் பூட்டியாயிற்று. வீல்தான் பாக்கி. கடைக்காரர் 54 மி.மீ. விட்டம், 101ஏ கடினம் போதும் என்கிறார். எனக்கோ பழைய படங்களில் வருவதுபோல் பெரிய கலர் வீல் போட ஆசை. வீட்டிலிருந்து ஹாரோ ஸ்கேட்பார்க் வரை நடைபாதையில் ஓட்டிக்கொண்டே போவேன். எதை எடுக்கலாம்?
— வாசகர், ஹாரோ, லண்டன்

பதில்: கடைக்காரர் சொல்வது இன்றைய 8 அங்குலப் பலகைக்குப் பொருந்தும். உங்கள் பலகைக்கு அடியில் 54 போட்டால், பீமனுக்குக் குழந்தைச் செருப்பு மாட்டிய மாதிரி இருக்கும். 60-லிருந்து பாருங்கள்.

பழைய வீல் எல்லாமே பெரிது என்று நினைக்க வேண்டாம். எழுபதுகளின் தொடக்கம் வரை களிமண் கலவை வீல்தான். சின்னக் கல் தட்டினாலும் பலகை நின்றுவிடும், ஆள் மட்டும் முன்னே போவார். பிறகு ஃபிராங்க் நாஸ்வொர்த்தி ‘கேடிலாக்’ என்ற பெயரில் யூரித்தேன் என்ற பிளாஸ்டிக் வீலைக் கொண்டுவந்தார், விளையாட்டே மாறியது. எண்பதுகளில் பவுலுக்கும் (கிண்ணம் போன்ற குழி) வெர்ட்டுக்கும் (செங்குத்தாக உயரும் வளைசுவர்) 60 மி.மீ.க்கு மேல் போட்டார்கள். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் தெரு வித்தைக்காக அதுவே 40 பக்கம் சுருங்கியது. அந்தக் குட்டி வீலும் இப்போது பழசுதான், ஆனால் உங்கள் பலகைக்கு அது உறவில்லை.

அடுத்து கடினம். ‘ஏ’வுக்கு முன்னால் இருக்கும் எண் கூடக் கூட வீல் கெட்டி. 78ஏ வீல் நடைபாதைக் கல் இடுக்குகளைச் சத்தமில்லாமல் விழுங்கும். சாந்தா குரூஸின் ‘ஸ்லைம் பால்ஸ்’ 60 மி.மீ. அந்த ரகம், பச்சைக் கலர் பார்த்தாலே வாங்கத் தோன்றும். ஆனால் பவுலில் பலகையைப் பக்கவாட்டில் சறுக்கவிட்டால் தரையைப் பிடித்துக்கொண்டு வராது. 97ஏ நன்றாகச் சறுக்கும். பார்க் போய்ச் சேர்வதற்குள் பல் ஆடிவிடும். ஹாரோ பார்க் 1978-இல் திறந்தது, வழவழப்பான புதுப் பார்க் அல்ல. நடைபாதையும் வேண்டும் பவுலும் வேண்டும் என்கிறீர்கள், அதனால் என் ஓட்டு 90ஏ-வுக்கு. பவல் பெரால்டாவின் ‘ராட் போன்ஸ்’ மறுபதிப்பு 60 மி.மீ. 90ஏ-வில் வந்திருக்கிறது, கிடைத்தால் எடுங்கள். எலும்பு எலி படமும் உங்கள் ஆசைக்குத் தோதுதான்.

சரி, வாங்கியதும் அப்படியே ஏறி ஓட வேண்டாம். திரும்பும்போது பெரிய வீல் பலகையின் அடியில் உரசினால் வண்டி சட்டென்று நின்றுவிடும். பள்ளிக்கூடச் சாக்பீஸை நான்கு வீலின் மேலும் தடவுங்கள். நின்ற இடத்திலேயே பலகையில் ஏறி இரண்டு பக்கமும் முழு எடையோடு சாயுங்கள். அடியில் வெள்ளைக் கோடு விழுந்தால், ட்ரக்குக்கும் பலகைக்கும் நடுவே ரைசர் என்ற உயரம் கூட்டும் தட்டை வைக்க வேண்டும். மூன்று மி.மீ. ரைசர் பெரும்பாலும் போதும், போதாவிட்டால் ஆறு. போல்ட்டும் அதற்கேற்ப நீளமாக வாங்குங்கள், நட்டின் நைலான் வளையத்தைத் தாண்டி மரை வெளியே தெரிய வேண்டும். இதை மறந்துவிட்டுக் கடைக்கு இரண்டாம் முறை அலைபவர்கள் அதிகம்.

கேள்வி: சித்தப்பாவின் எண்பதுகளின் வீல் நான்கு பரணில் கிடைத்தன. மஞ்சளாகிவிட்டன. ஓட்டலாமா? இப்போதைய பேரிங் சேருமா?
— வாசகி, டூட்டிங்

பதில்: பேரிங் சேரும். அந்தக் காலத்திலும் அதே 608 அளவுதான், வெளிவிட்டம் 22 மி.மீ. மஞ்சள் நிறம் தோஷமில்லை. பேரிங் உட்காரும் குழியின் ஓரத்தை நகத்தால் கீறிப் பாருங்கள். தூளாக உதிர்ந்தாலோ விரிசல் தெரிந்தாலோ அலமாரியில் வையுங்கள். உதிராவிட்டால் சமதரையில் மெதுவாக ஓட்டலாம், பவுலில் இறங்காதீர்கள். அப்புறம், சித்தப்பாவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். பழைய வீல் சேர்ப்பவர்கள் நல்ல விலை கொடுப்பார்கள்.