இப்போதைய ஆன்லைன் ஆர்பிஜி (ஒரு பாத்திரத்தை ஏற்று வளர்த்து ஆடும்) விளையாட்டுகளில் பழைய மாயம் ஏன் இல்லை? நமக்குத்தான் வயதாகிவிட்டதா?

வயதும் ஒரு காரணம்தான். பதினைந்து வயதில் எதைப் பார்த்தாலும் வாயைப் பிளப்போம், நேரமும் கொட்டிக் கிடந்தது. ஆனால் பழியை முழுக்க வயதின் தலையில் கட்ட எனக்கு மனம் வரவில்லை. அதே வயதில் துப்பாக்கிச் சண்டை விளையாட்டான கவுண்டர்-ஸ்ட்ரைக்கும்தான் ஆடினோம். அதை இன்று ஆடினாலும் ஏறக்குறைய அன்று இருந்த மாதிரியே இருக்கிறது. ஏங்குவதெல்லாம் ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே உலகத்தில் சேர்ந்து திரிந்த அந்த ஆர்பிஜிகளை நினைத்துத்தான். அப்படியானால் அந்த வகை விளையாட்டுக்கே உரிய ஏதோ ஒன்று போயிருக்கிறது.

என்னைக் கேட்டால் போனது இதுதான்: முன்பெல்லாம் முன்பின் தெரியாத ஒருவரிடம் வாய்விட்டுக் கேட்காமல் அந்த உலகத்தில் எந்தக் காரியமும் ஆகாது. இப்போது யாரிடமும் எதையும் கேட்க வேண்டியதில்லை.

நான் பினாங்குக்காரன். இடைநிலைப்பள்ளிக் காலம் முழுக்க ஜெலுத்தோங் பக்கம். எங்கள் தலைமுறைக்கு வாய்த்தது ரக்னராக் ஆன்லைன். தென் கொரியாவின் கிராவிட்டி நிறுவனம் 2002இல் வெளியிட்டது. அப்புறம் மலேசியா, சிங்கப்பூருக்கென்று தனி சர்வர், அதாவது தனி உலகம், வந்தது. டியூஷன் முடிந்ததும் சட்டையை மாற்றிக்கொண்டு (பள்ளிச் சீருடையோடு போனால் தவுக்கே, அதாவது கடை முதலாளி, உள்ளே விடமாட்டார்) சைபர் கஃபேயில் போய் உட்காருவோம். மணிக்கு இரண்டு வெள்ளி (ரிங்கிட்).

அந்த விளையாட்டில் ஊர் விட்டு ஊர் போவதையே எடுத்துக்கொள்ளுங்கள். விளையாட்டே நிறுத்தி வைத்திருந்த காஃப்ரா பெண்கள் காசு வாங்கிக்கொண்டு சில ஊர்களுக்கு அனுப்பிவிடுவார்கள். அவர்கள் அனுப்பாத இடத்துக்கு நடைதான். இல்லையென்றால் வார்ப் போர்ட்டல் என்ற மாய வாசலைத் திறக்கத் தெரிந்த ஓர் அகோலைட்டையோ பிரீஸ்டையோ (பூசாரி வகைப் பாத்திரங்கள்) பிடிக்க வேண்டும். அவர் அந்த இடத்துக்கு ஏற்கெனவே போய் அதைப் பதிந்து வைத்திருக்க வேண்டும். ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் அவர் கையிலிருந்து ஒரு நீலக்கல் செலவாகும். ஆகவே தலைநகரம் புரோன்டெராவின் நடுத்தெருவில் நின்றுகொண்டு, "போஸ், கெஃபன் போர்ட்டல் இருக்கா?" என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் கெஞ்சுவோம். சிலர் காசு கேட்பார்கள். சிலர் சும்மாவே திறந்துவிடுவார்கள். சிலர் கெஃபன் என்று சொல்லி, ஆளைக் குதறும் ஏதாவதொரு காட்டில் கொண்டுபோய் இறக்கிவிட்டுச் சிரிப்பார்கள். அந்தக் கடைசி ரகத்தில்கூட எனக்குச் சில நண்பர்கள் கிடைத்தார்கள்.

இது ரக்னராக்கின் விசேஷம் இல்லை. 1999இல் வந்த எவர்குவெஸ்டிலும் இதே கதைதான். அங்கே தூரத்து ஊர்களுக்கு ஆட்களை அனுப்பும் மந்திரம் டுரூயிட், விசார்ட் என்ற இரண்டு வகையினர் கையில் இருந்தது. அதை வைத்தே பலர் பிழைப்பு நடத்தினார்கள். 2002இல் 'பிளேன்ஸ் ஆஃப் பவர்' என்ற விரிவாக்கப் பதிப்பு வந்தது. அதில் ஒரு மைய இடம், அங்கிருந்து எல்லா முக்கிய ஊர்களுக்கும் வாசல். தொட்டால் போதும், போய்ச் சேரலாம். விளையாடுபவர்களுக்கு அது வரப்பிரசாதம்தான். ஆனால் அன்றோடு அந்தப் பயண வியாபாரம் படுத்துவிட்டது, அதைச் சுற்றி இருந்த பேச்சும் போய்விட்டது. எங்கள் ஊர் ஆட்களுக்கு இதைச் சுலபமாக விளக்கலாம்: 1985இல் பினாங்குப் பாலம் திறந்தபோது ஃபெரிக்குக் காத்திருந்தவர்கள் எல்லோரும் சந்தோஷப்பட்டிருப்பார்கள். நியாயம்தான். ஆனால் ஃபெரியில் எதிரே உட்கார்ந்திருப்பவரிடம் பேச்சுக் கொடுக்கலாம், பாலத்தில் பக்கத்துக் கார்க்காரரிடம் என்ன பேசுவது?

சாவையும் சொல்ல வேண்டும். ரக்னராக்கில் செத்தால் அடுத்த லெவலுக்குத் தேவையான அனுபவப் புள்ளியில் ஒரு சதவீதம் போகும். கேட்பதற்கு அற்பமாக இருக்கும். தொண்ணூறு லெவலுக்கு மேல் அந்த ஒரு சதவீதம் ஒரு சாயங்கால உழைப்பு. செத்த இடத்திலேயே விழுந்து கிடக்கலாம், கிடந்தபடியே பேசவும் செய்யலாம். பிணங்கள் "தோலோங், ரெஸ் பிளீஸ்" (தயவுசெய்து உயிர்ப்பித்துவிடுங்கள்) என்று கத்திக்கொண்டு கிடக்கும். அந்த வழியாகப் போகும் யாரோ ஒரு பிரீஸ்ட் நின்று எழுப்பிவிட்டு, காயம் ஆற்றும் ஒரு ஹீலும் போட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார். அவர் பெயரை மறக்க முடியுமா? ஒரே சர்வர், அதே கூட்டம். நாளைக்கு அவர் குகை வாசலில் பார்ட்டி (கூட ஆட ஒரு குழு) தேடி நிற்பார். அதே மாதிரி, அடுத்தவன் அடித்துக்கொண்டிருக்கும் அரக்கனைக் கடைசி நேரத்தில் தட்டிப் பறிக்கும் 'கேஎஸ்' பேர்வழிகளின் பெயரும் ஊர் முழுக்கத் தெரியும். ஒருவனுக்குக் கெட்ட பெயர் வந்துவிட்டால் எந்த கில்டிலும் (ஆட்டக்காரர்களின் நிரந்தரக் கூட்டம்) எடுக்கமாட்டார்கள்.

பேச்சு எங்கே நடந்தது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. நாம் தட்டச்சு செய்தது பாத்திரத்தின் தலைக்கு மேல் எழுத்தாக மிதக்கும். கடந்து போகிறவர் அதைப் படித்துவிட்டு நடுவில் மூக்கை நுழைக்கலாம். நானும் வகுப்பு நண்பன் ஒருவனும் தமிழை ஆங்கில எழுத்தில் அடித்துத் திட்டிக்கொண்டிருந்தபோது, கிள்ளானைச் சேர்ந்த ஓர் அண்ணன் "என்னடா தம்பி, வீட்டுல இப்படித்தான் பேசுவீங்களா?" என்று வந்து நின்றார். அப்புறம் அவர் கில்டில்தான் ரொம்ப நாள் இருந்தோம். இன்று எல்லோரும் டிஸ்கார்ட் என்ற அரட்டைச் செயலியில் தனி அறை போட்டுக் காதில் பேசிக்கொள்கிறார்கள். வசதியானதுதான், ஆனால் வெளியில் நிற்பவனுக்கு அந்தக் கூட்டம் ஊமைப் படம். ஏற்கெனவே தெரிந்தவர்கள் தெரிந்தவர்களோடு வருகிறார்கள், தெரிந்தவர்களோடே கிளம்பிவிடுகிறார்கள்.

அடுத்தது, யாருக்கும் எதுவும் சரியாகத் தெரியாமல் இருந்தது. பொருளை ஓர் அளவுக்கு மேல் மேம்படுத்தப் போனால் அது உடைந்து மறைந்துவிடும் என்பது ரக்னராக் விதி. எத்தனை சதவீத வாய்ப்பு என்பது எங்களில் யாருக்கும் உறுதியாகத் தெரியாது. அதனால் ஆளாளுக்கு ஒரு சாஸ்திரம். முதலில் ஒரு மட்டமான பொருளை உடைத்துப் பலி கொடுத்தால் அடுத்தது நிற்கும் என்பான் ஒருவன். கூட்டம் இல்லாத நேரத்தில் செய்ய வேண்டும் என்பான் இன்னொருவன். எங்கள் கஃபேயில் ஒருத்தன் திருநீறு பூசிக்கொள்ளாமல் மவுஸைத் தொடமாட்டான். அவன் வாள் உடைந்த அன்றைக்கு, கடை மொத்தமும், தவுக்கே உட்பட, எழுந்து வந்து அவன் திரையைப் பார்த்தது. அத்தனையும் பொய்யான நம்பிக்கைகள்தான். ஆனால் அந்தப் பொய்களைச் சொல்ல ஓர் ஆள் வேண்டும், கேட்க ஓர் ஆள் வேண்டும். இப்போதோ விளையாட்டு வெளியாகும் முன்பே கோப்புகளைத் தோண்டி, எந்த அரக்கனிடம் எது எத்தனை சதவீதம் விழும் என்று அட்டவணை போட்டுவிடுகிறார்கள்.

இதற்கு ஒரு நல்ல சோதனை இருக்கிறது, யாரும் சோதனை என்று நினைத்துச் செய்யாவிட்டாலும். வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் என்ற ஆர்பிஜி 2004 நவம்பரில் வந்தது. அதன் முதல் பெரிய எதிரிகளில் ஒருவனான ரக்னரோஸ் முதன்முதலில் வீழ்ந்தது 2005 ஏப்ரலில். ஐந்து மாதம் பிடித்தது. 2019 ஆகஸ்டில் அதைத் தயாரித்த பிளிசார்ட் அதே பழைய விளையாட்டை 'கிளாசிக்' என்று மறுபடி திறந்தது. ரக்னரோஸ் ஒரு வாரம் தாங்கவில்லை. நியாயமாகச் சொன்னால், கிளாசிக்கில் இருந்தது பிந்தைய பதிப்பின் திறன்கள், ஆகவே கொஞ்சம் சுலபம்தான். ஆனால் ஐந்து மாதம் ஒரு வாரமாகச் சுருங்கியதற்கு அது மட்டும் போதாது. உலகம் பழையது, உள்ளே வந்தவர்களோ பதினைந்து வருட விடைத்தாளைக் கையில் வைத்திருந்தவர்கள்.

நிறுவனங்களை மட்டும் திட்டுவதும் சரியில்லை. வார்கிராஃப்டில் ஐந்து பேர் சேர்ந்து ஒரு நிலவறைக்குப் போக, ஊரில் நின்று "டேங்க் வேணும், டேங்க் வேணும்" (முன்னால் நின்று அடி வாங்கும் ஆள்) என்று ஒரு மணி நேரம் கத்த வேண்டியிருந்தது. வேலைக்குப் போகிறவருக்கு இரவில் கிடைப்பதே இரண்டு மணி நேரம். 2009 டிசம்பரில் ஆள் சேர்த்துத் தரும் வசதி வந்தபோது எல்லோரும் கொண்டாடினார்கள். பொத்தானை அமுக்கினால் பல சர்வர்களிலிருந்து நான்கு பேர் வந்து நிற்பார்கள். ஒரு வணக்கம்கூட இல்லாமல் இருபது நிமிடத்தில் முடித்துவிட்டுக் கலைவார்கள். இனி அவர்களைப் பார்க்கப் போவதே இல்லை என்பதால், நல்லவனாக இருக்கவும் அவசியமில்லை, கெட்டவனாக இருந்தாலும் கேட்பாரில்லை. நாம் கேட்டதைத்தான் கொடுத்தார்கள்.

நிஜக் காசு கொடுத்து விளையாட்டுப் பொருள் வாங்கும் விஷயத்தைப் பற்றி நிறையப் பேர் எழுதியாகிவிட்டது. கடையில் வாங்கிய இறக்கையை மாட்டிக்கொண்டு வருபவனைப் பார்த்து யாரும் வாய் பிளக்கப் போவதில்லை, அவ்வளவுதான். கிராஃபிக்ஸ் ஒரு பொருட்டே இல்லை. ரக்னராக்கின் பாத்திரங்கள் அன்றைக்கே பொம்மை மாதிரிதான் இருந்தன.

கைப்பேசியில் வருபவைதான் இந்தப் பாதையின் கடைசி எல்லை. ரக்னராக்கே 2018இல் 'ரக்னராக் எம்' என்ற பெயரில் இங்கே கைப்பேசிக்கு வந்தது. அக்கா மகன் ஒருநாள் நாசி கண்டார் கடையில் சாப்பிட்டுக்கொண்டிருக்க, பக்கத்தில் கைப்பேசி தானாகவே அரக்கர்களை அடித்துக்கொண்டிருந்தது.

"நீ ஆடலையா?"

"அதுவே ஆடும் மாமா. நான் அப்பப்போ பார்ப்பேன்."

"கூட இருக்கிற நாலு பேரு யாரு?"

"தெரியல மாமா, ஆட்டோவா சேர்ந்துருக்காங்க."

அவனைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அவனுக்கு அரட்டை அடிக்க வேறு நூறு இடம் இருக்கிறது. பதினைந்து வயதில் எனக்கு ஜெலுத்தோங்குக்கு வெளியே மனிதர்களைக் காட்டியது அந்த ஒரு ஜன்னல்தான். இதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்: அன்று முகம் தெரியாத ஒருவரோடு நேரடியாகப் பேசுவதே அதிசயமாக இருந்தது. அந்த அதிசயத்தை எந்த விளையாட்டும் திரும்பக் கொண்டுவர முடியாது.

ஆனால் மற்ற பாதி திரும்பி வரும் என்பதற்குச் சாட்சி இருக்கிறது. 2023 ஆகஸ்டில் வார்கிராஃப்ட் கிளாசிக்கில் 'ஹார்ட்கோர்' சர்வர்களைத் திறந்தார்கள். ஒரே உயிர், செத்தால் அந்தப் பாத்திரத்தோடு அங்கே ஆட்டம் முடிந்தது. பழைய உலகம்தான், எல்லா விடையும் தெரிந்த உலகம்தான். இருந்தும் அங்கே வழியில் போகிறவர்கள் நின்று பலம் கூட்டும் பஃப் மந்திரம் போட்டுவிட்டுப் போகிறார்கள், குகைக்குள் நுழையும் முன் "நீங்களும் உள்ளதான் போறீங்களா?" என்று விசாரிக்கிறார்கள். பயம் வந்ததும் பக்கத்து ஆள் மறுபடி தேவைப்படுகிறார்.

நேரம் இருந்தால் அங்கே ஆரம்பித்துப் பாருங்கள். குவெஸ்ட் (விளையாட்டு தரும் பணி) இருக்கும் இடத்தைக் காட்டிக் கொடுக்கும் ஆட்-ஆன் (துணை நிரல்) எதையும் போடாதீர்கள். வழி தெரியாவிட்டால் பொது சாட்டில் கேளுங்கள். கூகுளில் போய்த் தேடு என்று நான்கு பேர் திட்டுவார்கள். ஐந்தாவது ஆள், "இரு, வர்றேன்" என்று கூட்டிக்கொண்டு போவார்.