மாரி வந்தால் சைக்கிளை மூலையில் சாத்தவா?

ஐப்பசியில் வாடைக் காற்று திரும்பியதும் என் சைக்கிள் கடைக்கு வரும் கேள்விகளும் மாறிவிடும். இந்த மாரிக்கு வந்தவற்றில் ஆறை எடுத்திருக்கிறேன். ஒன்று பனி கொட்டும் ஊரிலிருந்து வந்தது. ஊருக்குத் திரும்பிக் கடை போடுவதற்கு முன் எட்டு வருடம் ஒஸ்லோவில் சைக்கிளில் வேலைக்குப் போய்வந்தவன் நான். அதனால் அதற்கு மட்டும் பதில் கொஞ்சம் நீண்டுவிட்டது.

விடிய 5 மணிக்கு ரியூஷனுக்கு சைக்கிளில் போகிறேன். கூதலில் ஓடினால் தடிமன் பிடிக்கும் என்று அம்மம்மா மறிக்கிறா. உண்மையா?
— மாணவி, களுவாஞ்சிகுடி

தங்கச்சி, தடிமனைக் கொண்டுவருவது வைரஸ், காற்று அல்ல. குளிர்ந்த காற்றுப் பட்டால் யாருக்கும் மூக்கு ஒழுகும். அது நோயில்லை. ஆனால் அம்மம்மா சொல்வது முழுக்கப் பிழை என்றும் சொல்ல மாட்டேன். இழுப்பு (ஆஸ்மா) உள்ளவர்களுக்கு அந்த நேரத்துக் காற்றில் வேகமாக ஓடினால் நெஞ்சு இறுகும். அவர்கள் மூக்கையும் வாயையும் துணியால் மூடி, மெதுவாக ஓடவேண்டும். டொக்டர் தந்த பம்பும் பையில் இருக்கவேண்டும்.

மார்கழி விடியற்காலையிலும் நம் மட்டக்களப்புப் பக்கம் 22, 23 பாகைக்குக் கீழே இறங்குவது குறைவு. அந்தக் குளிரில் காய்ந்த சட்டையோடு யாரும் நடுங்குவதில்லை, நனைந்தால்தான் நடுக்கம். ஈரச் சட்டை காய்வதற்கு வேண்டிய சூட்டை உங்கள் உடம்பிலிருந்துதான் எடுக்கும். எனவே மாற்றுச் சட்டை ஒன்றை சொப்பிங் பேக்கில் சுற்றிக் கொண்டுபோங்கள். காற்று நெஞ்சில் அடித்தால் நேற்றைய பேப்பரை நாலாக மடித்து சட்டைக்குள் செருகிக்கொள்ளலாம். சிரிக்காதீர்கள், டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தய ஓட்டக்காரர்களே மலையிலிருந்து இறங்கும்போது இதைச் செய்திருக்கிறார்கள். மறுகா, முன்னும் பின்னும் வெளிச்சம் இல்லாமல் பிரதான வீதியில் ஏறவேண்டாம்.

மழையில் பிறேக் பிடித்தால் நிற்குதே இல்லை. புதுக் கட்டை போட்டும் அதே கதைதான்.
— ஏறாவூர்

றிம்மில் ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டினால் அது இரும்பு றிம். பிழை கட்டையில் இல்லை. பளபளக்கும் நிக்கல் பூச்சில் தண்ணீர் படலமாக நிற்கும்போது ரப்பர் வழுக்கிக்கொண்டே போகும். காய்ந்த வீதியில் நிற்கும் தூரத்தைப்போலப் பல மடங்கு தூரம் போய்த்தான் நிற்கும். இங்கிலாந்தில் ஒரு காலத்தில் இதற்காகவே தோல் பதித்த கட்டை செய்தார்கள். நம் கடைகளில் நான் அதைக் கண்டதில்லை.

செலவு செய்ய முடிந்தால் அலுமினிய றிம் போடுங்கள், வித்தியாசம் முதல் மழையிலேயே தெரியும். முடியாவிட்டால் பழக்கத்தை மாற்றுங்கள். சந்தி வருவதற்கு நன்றாக முன்னரே பிறேக்கை லேசாக அழுத்தியபடி வாருங்கள். சில்லு முதலில் சுற்றும் சில சுற்றுகள் தண்ணீரைத் துடைக்கத்தான் போகும், அதற்குப் பிறகுதான் பிடி வரும். முன் பிறேக்கைச் சடாரென்று இழுக்க வேண்டாம். சேற்றில் முன்சில்லு வழுக்கினால் விழுவதைத் தடுக்க நேரம் இருக்காது.

இன்னொன்று, கிறீச் என்ற சத்தம் வந்தால் கட்டையைக் கழற்றி வெயிலில் பிடித்துப் பாருங்கள். மணலும் கிறவல் துகளும் ரப்பருக்குள் பதிந்து மினுங்கும். ஊக்கு நுனியால் ஒவ்வொன்றாகக் கிண்டி எடுக்கவேண்டும். விட்டால் றிம்மை அராவிவிடும்.

மாவடிப்பள்ளித் தாம்போதியில் வெள்ளம் ஓடும்போது சைக்கிளை உருட்டிக்கொண்டு கடக்கலாமா?
— சம்மாந்துறை

வேண்டாம். 2024 நவம்பர் வெள்ளத்தில் உழவு இயந்திரத்தையே புரட்டிப் பிள்ளைகளைக் கொண்டுபோன இடம் அது. ஓடும் தண்ணீர் முழங்கால் அளவு இருந்தாலே ஆளைத் தள்ளும், சைக்கிளும் கையில் இருந்தால் தண்ணீர் தள்ளுவதற்கு இன்னும் அகலம் கிடைக்கும். திரும்பிப் போங்கள்.

ஊருக்குள் தேங்கி நிற்கும் தண்ணீரில் போய்வந்திருந்தால் அது வேறு கதை. சில்லின் நடுஅச்சு மூழ்கியதா என்று பாருங்கள். மூழ்கியிருந்தால் உள்ளே கிறீஸோடு சேறும் கலந்திருக்கும். பெடல் அச்சும் அப்படித்தான். இரண்டையும் கழற்றி, உள்ளே இருக்கும் போல்ஸை (சின்ன இரும்புக் குண்டுகளை) கழுவி, புதுக் கிறீஸ் வைக்கவேண்டும். சீற்றைக் கழற்றி சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தினால் குழாய்க்குள் போன தண்ணீரும் வடியும்.

செயினுக்குத் தேங்காய் எண்ணெய் விடலாமா? வீட்டில் அதுதான் இருக்கிறது.
— காத்தான்குடி

மார்கழி விடியலில் குசினியில் உள்ள போத்தலைப் பார்த்திருப்பீர்களே, பாதி வெள்ளையாக உறைந்திருக்கும். தேங்காய் எண்ணெய் ஏறத்தாழ 24 பாகையிலேயே இறுகத் தொடங்கும். செயினிலும் அதேதான் நடக்கும். அதைவிட மோசம், நாள்போக அது பிசினாகி மணலைப் பிடித்து வைத்துக்கொள்ளும். தையல் மெசின் ஒயில் நல்லது, ஆனால் மழையில் கழுவுண்டு போகும், அடிக்கடி விடவேண்டும். கடற்கரைப் பக்கம் இருப்பவர்கள் முதலில் நல்ல தண்ணீரால் உப்பைக் கழுவி, துணியால் துடைத்து, காயவைத்து, அப்புறம் ஒயில் விடுங்கள். உப்புக்கு மேல் எண்ணெய் பூசுவது கறலை மூடி வளர்ப்பதுதான்.

கொக்கட்டிச்சோலையில் இருபது வருடம் சைக்கிள் ஓடியவன். இங்கே மைனஸ் 10 குளிரிலும் ஓட ஆசை. மனைவி விசர் என்கிறா.
— ரொறன்ரோ

விசர் இல்லை. பின்லாந்தின் ஊலு நகரில் பனிக்காலத்திலும் சனம் சைக்கிளில் வேலைக்குப் போகிறது. குளிர்கால சைக்கிளோட்டத்துக்கென்று 2013இல் முதல் மாநாடு நடந்ததும் அங்கேதான்.

நான் செய்த பிழையைச் சொல்கிறேன். முதல் குளிர்காலத்தில் பயத்தில் இரண்டு பருத்திப் பெனியன், அதன்மேல் தடித்த ஜக்கெற். வேலைக்குப் போய்ச் சேரும்போது முதுகு தொப்பலாக நனைந்திருந்தது. ஒஸ்லோவில் டிசம்பர் நடுப்பகுதியில் பின்னேரம் மூன்றேகாலுக்கு முன்பே சூரியன் விழுந்துவிடும். அந்த இருட்டில், காயாத பெனியனோடு வீடு திரும்பியபோது பல் அடித்த சத்தம் எனக்கே கேட்டது. வாவியில் நனைந்த கூதல் அதற்கு முன் ஒன்றுமே இல்லை. உள்ளே பருத்தி வேண்டாம், மெல்லிய கம்பளி போடுங்கள், வெளியே காற்று மறிக்கும் ஜக்கெற் போதும். வாசலில் நிற்கும்போது கொஞ்சம் கூதலாக இருக்கவேண்டும். அங்கேயே கதகதப்பாக இருந்தால் பத்தாவது நிமிடம் வியர்த்துவிடும்.

கைக்கு ஐந்து விரல் கிளவ்ஸைவிட விரல்கள் ஒன்றாக இருக்கும் மிற்றன் நல்லது. மைனஸ் 10இல் மணிக்கு 20 கி.மீ. காற்று முகத்தில் அடித்தால் தோலுக்கு அது மைனஸ் 18 போல. விரல் வலித்தால் உடம்பு எச்சரிக்கிறது என்று அர்த்தம். வலியும் போய் மரத்து வெளிறினால் உடனே இறங்கிச் சூடான இடத்துக்குள் போங்கள்.

ஐஸ் படிந்த வீதிக்கு ஆணி பதித்த ரயர்தான். இரண்டில் ஒன்றுக்குத்தான் காசு இருக்கிறதென்றால் முன்சில்லுக்குப் போடுங்கள். வீட்டுக்குள் 25 பாகையில் 60 பி.எஸ்.ஐ. அடித்த காற்று, வெளியே மைனஸ் 10இல் 51 அளவுக்கு இறங்கும், ஓட்டை தேடி ரியூப்பைக் கழற்ற வேண்டாம். பற்றரி சைக்கிள் என்றால் உறைகுளிரில் சார்ஜ் போடாமல் உள்ளே கொண்டுபோய்ச் சூடேறவிட்டுப் போடுங்கள். வீதியில் கொட்டும் உப்பு செயினைத் தின்னும். அதற்குக் காத்தான்குடிக்குச் சொன்ன பதில்தான்.

குடை பிடித்துக்கொண்டு ஓடலாமா?
— நாவற்குடா

கூடாது. கல்லடிப் பாலத்தில் வாடை பக்கவாட்டில் அடிக்கும்போது குடை பாய்மரம் மாதிரி உங்களை இழுக்கும், மிஞ்சுவது ஒரு கையும் ஒரு பிறேக்கும். தோளில் போடும் அகன்ற மழைப் போர்வையும் அப்படியே. காற்சட்டையும் மேற்சட்டையுமாக இரண்டு துண்டாக வரும் ரெயின்கோட் வாங்குங்கள், வலது காலை மட்டும் ஒரு ரப்பர் பாண்டால் கட்டிவிட்டு ஏறுங்கள். இல்லாவிட்டால் செயின் கிழித்துவிடும்.