புதையல் தீவு எங்கே இருக்கிறது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஸ்டீவன்சனின் ‘புதையல் தீவு’ நாவலை மகளுக்கென்று வாங்கி, அவளை முந்திக்கொண்டு நானே படித்துவிட்டேன். அந்தத் தீவு கரீபியன் கடலிலுள்ள நார்மன் தீவுதான் என்கிறார் ஒரு நண்பர். கியூபாவின் பைன் தீவு என்று சாதிக்கிறார் இன்னொருவர். எது சரி? கதை நடப்பது எந்தக் காலத்தில்? பதினைந்தே நாளில் எழுதியது என்கிறார்களே, உண்மையா?

ம., கோவில்பட்டி

அன்புள்ள ம.,

இரண்டுமே இல்லை. எடுக்காத புதையல் இன்னும் மிச்சமிருப்பதால் தீவின் இருப்பிடத்தை மட்டும் சொல்லமாட்டேன் என்று முதல் வரியிலேயே கதை சொல்லும் சிறுவன் ஜிம் கறாராக இருக்கிறான். அவன் சொல்ல நினைத்தாலும் சொல்ல ஓர் இடம் கிடையாது. கதைக்கு முன்பே வரைபடம் பிறந்துவிட்டது.

1881 ஆகஸ்டில் ஸ்டீவன்சன் ஸ்காட்லாந்தின் பிரேமரில் இருந்தார். ஓயாத மழை. மனைவியின் முதல் திருமணத்தில் பிறந்த 13 வயது லாயிடுக்கும் வெளியே போக வழியில்லை. பொழுதுபோக்காக ஸ்டீவன்சன் வண்ணங்களைக் குழைத்து ஒரு தீவை வரைந்தார். (முதலில் வரைந்தது நான்தான், அவர் பெயர்களை எழுதினார் என்று லாயிட் பின்னாளில் சொன்னார். குடும்பத்துக்குள் ஒரு புதையல் தகராறு!) அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோதே காடுகளுக்கு நடுவே ஆட்கள் நடமாடத் தொடங்கிவிட்டார்களாம். கலங்கரை விளக்கப் பொறியாளரான ஸ்டீவன்சனின் அப்பாவும் சேர்ந்துகொண்டார். கதையில் வரைபடத்தை வைத்திருந்த பழைய கடற்கொள்ளையன் பில்லி போன்ஸின் பெட்டிக்குள் என்னென்ன இருந்தன என்ற பட்டியல் அவருடையது.

மண்ணும் மரமும் எங்கிருந்து வந்தன என்று கேட்டால் பதில் கலிஃபோர்னியா. 1879-80இல் அங்கே வாழ்ந்தவர் அவர். பைன் மரங்களும் ஓக் மரங்களும் அங்கே பார்த்தவை. கரீபியத் தென்னை மரத்தைத் தேடி இந்த நாவலுக்குள் போகிறவர் ஏமாந்துதான் திரும்புவார்.

பதினைந்து நாள் என்பது பாதி உண்மை. நாளுக்கு ஓர் அத்தியாயமாகப் பதினைந்து எழுதினார். பிறகு ஒரு சொல்கூட வரவில்லை. கதையோ ‘யங் ஃபோக்ஸ்’ என்ற சிறுவர் வார இதழில் 1881 அக்டோபர் 1 முதல் வரத் தொடங்கிவிட்டது! நுரையீரல் நோயோடு சுவிட்சர்லாந்தின் டாவோஸுக்குப் போன இடத்தில்தான் முடித்தார். ‘கேப்டன் ஜார்ஜ் நார்த்’ என்ற புனைபெயரில் வந்த தொடரை அப்போது யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. 1883 நவம்பரில் காசெல் நிறுவனம் நூலாக்கியபோது நூறு பவுண்டு கிடைத்ததில் மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. அனுப்பிய மூல வரைபடம் தொலைந்துபோனது. கதையிலிருந்து அளவுகளைப் பொறுக்கி எடுத்து அப்பாவின் அலுவலகத்தில் மறுபடி வரைந்தார்கள். கதையில் புதையலைப் புதைத்த கொள்ளையன் கேப்டன் ஃபிளிண்டின் கையெழுத்தைப் போட்டதும் அப்பாதான். நூலில் நாம் பார்ப்பது இந்த இரண்டாவது படம். இது தன் தீவாகத் தோன்றவே இல்லை என்று ஸ்டீவன்சன் கடைசிவரை குறைபட்டார்.

காலத்தை ‘17—’ என்று மழுப்பினாலும் வரைபடத்தில் 1750, 1754 என்ற ஆண்டுகள் இருக்கின்றன. அசல் கடற்கொள்ளையர்களின் பெருங்காலம் 1720களிலேயே தூக்குமேடையில் முடிந்துவிட்டது. ஆக, கதையின் ஒற்றைக்கால் கொள்ளையன் சில்வரின் கூட்டம் முப்பது ஆண்டு பிந்திப் பிறந்தது. பழைய காலத்தைக் கண்ணால் கண்ட சாட்சி சில்வரின் கிளிதான். மடகாஸ்கர், மலபார் எல்லாம் சுற்றியது, கோவாவிலிருந்து போன வைஸ்ராயின் கப்பல் கொள்ளைபோனபோதும் கூடவே இருந்தது என்று சில்வர் அளக்கிறான். அளப்பென்றாலும் அந்தக் கொள்ளை உண்மை: பதவி முடிந்து ஊர் திரும்பிய போர்ச்சுகீசிய வைஸ்ராயின் கப்பல் 1721இல் ரீயூனியன் தீவருகே பிடிபட்டது. கிளி வரும் இடம் பத்தாம் அத்தியாயம். இன்னொரு முறை புரட்டிப் பாருங்கள்.