டி-34/85 டரட் வழவழப்பாக இருக்கிறதா? திருப்பி அனுப்ப வேண்டாம்

வணக்கம். புதிதாக வாங்கிய 1/35 அளவு டி-34/85 (இரண்டாம் உலகப் போர்க்கால சோவியத் டாங்கி) பிளாஸ்டிக் மாடல் கிட்டில் டரட் (பீரங்கி உள்ள சுழலும் மேற்பகுதி) சோப்புக்கட்டி போல வழவழப்பாக இருக்கிறது, கைப்பிடிகளும் ஹல்லோடு (டரட்டுக்குக் கீழுள்ள டாங்கி உடல்) ஒட்டியே வந்திருக்கின்றன, திருப்பி அனுப்பிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் கோபம் நியாயமானது. புது அச்சில் வரும் கிட்டுக்கு இது பெரிய குறைதான். ஆனால் அளவுகள் சரியாக இருந்தால் வைத்துக்கொள்ளுங்கள், மற்றதைக் கையாலேயே கொண்டுவந்துவிடலாம்.

நிஜ டாங்கியில் டரட்டின் சுவர்கள் வார்ப்பு எஃகு, அதனால்தான் அந்தச் சொரசொரப்பு. மேல்கூரை தனித் தகடு, வெல்டு செய்தது. ஹல்லும் தகடுதான். அவை இரண்டையும் வழவழப்பாகவே விடுங்கள். பலர் இங்கேதான் தவறுகிறார்கள்.

மிஸ்டர் சர்ஃபேசர் 500 என்ற கெட்டியான மாடல் பிரைமரை டரட் சுவரில் கட்டைவிரல் அகலத்துக்குத் தடவி, ஈரம் காய்வதற்குள் முடி கத்தரித்த பழைய பிரஷ்ஷால் செங்குத்தாகக் குத்திக்கொண்டே போங்கள். ஒரு இரவு காயட்டும். அப்புறம் மெல்லிய உப்புத்தாளால் மேடுகளை மட்டும் தேயுங்கள். இதில் அவசரப்படாதீர்கள்: 0.3 மி.மீ. மேடு என்பது நிஜத்தில் ஒரு சென்டிமீட்டருக்கும் மேல்.

டரட் பக்கவாட்டில் ஓடும் வார்ப்பு இணைப்புக் கோடும் உங்கள் கிட்டில் இல்லையென்றால், ஸ்ப்ரூவை (கிட் பாகங்கள் இணைந்து வரும் பிளாஸ்டிக் சட்டம்) சூட்டில் இழுத்த நூலை ஒட்டி, பசையால் இளக்கிக் கத்தி முனையால் அழுத்தினால் போதும். அந்தக் கோடு, இந்த டாங்கியைத் தயாரித்த சோவியத் ஆலைகளில் 183ஆம் தொழிற்சாலை வண்டியில் ஒரு மாதிரி, 112ஆம் தொழிற்சாலை வண்டியில் வேறு மாதிரி. படம் பார்த்துவிட்டு ஒட்டுங்கள்.

கைப்பிடிகள் சுலபம். சீவி எடுத்துவிட்டு 0.5 மி.மீ. செம்புக் கம்பியை வளைத்துச் செருகுங்கள்.